நிலத்தடி நீர்மட்டம் 1.2 மீட்டரில் இருந்தால் பாய்ச்சலில் எவ்வளவு குறைக்கலாம்?

கேள்வி: மேட்டுவயல்

சரிவான ஒரே வயல். மேலிருந்து கீழ்வரை வண்டல் இருமண். ஈரமாக எடுத்து விரலில் தேய்த்தால் மாவு போல வழுக்கும், நாடா போல நீளாது. மக்காச்சோளம், விதைத்து 50 நாள் ஆகிறது. மூன்று இடத்தில் குழாய் இறக்கிப் பார்த்ததில் நிலத்தடி நீர்மட்டம் மேல் மூலையில் 2.6 மீட்டர், நடுவில் 1.2 மீட்டர், கீழ் மூலையில் 50 செ.மீ. குழாய்த் தண்ணீரின் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண்) 3 டெசிசீமன்ஸ்/மீட்டர். பாய்ச்சும் தண்ணீரில் 0.8.

பயிரும் மூன்று விதமாக நிற்கிறது. நடுப்பகுதி செழிப்பு. மேல் மூலையில் பாய்ச்சல் ஒரு நாள் தள்ளினாலும் இலை சுருள்கிறது. கீழ் மூலை மண்ணைக் கையில் பிடித்து அழுத்தினால் தண்ணீர் கசிகிறது, ஆனாலும் அடி இலை மஞ்சள், மதியமானால் வாட்டம்.

மூன்று சந்தேகம். நடுப்பகுதியில் பயிர் கீழிருந்து ஒரு நாளைக்கு எத்தனை மி.மீ. இழுக்கும், அதைப் பாய்ச்சலில் கழிக்கலாமா? ஈரம் இவ்வளவு இருந்தும் கீழ் மூலை ஏன் வாடுகிறது? மக்காச்சோளத்துக்கு ஏற்ற நீர்மட்ட ஆழம் என்று ஒரு எண் உண்டா?

மறுமொழி: ஈரப்பதம்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒற்றை எண் கிடையாது. தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பது மட்டும் பயிருக்கு எதையும் சொல்லாது. வேரின் அடியிலிருந்து நீர்மட்டம் வரை எவ்வளவு இடைவெளி, அந்த இடைவெளியில் என்ன மண், இந்த இரண்டும்தான் கணக்கு. வெங்காயத்தின் வேர் 30 முதல் 60 செ.மீ. வரைதான் போகும்; அதற்கு 1.2 மீட்டர் எட்டாத தூரம். மக்காச்சோளம் தடையில்லாத மண்ணில் 1 முதல் 1.7 மீட்டர் வரை இறங்கும். அதற்கு அதே தண்ணீர் காலடியில் இருக்கிறது. உலக உணவு வேளாண் அமைப்பு பயிர் நீர்த்தேவை பற்றி 1998-ல் வெளியிட்ட 56-ஆம் அறிக்கையில் ஒரு எளிய விதி இருக்கிறது: வேர்மண்டலத்தின் அடியிலிருந்து நீர்மட்டம் சுமார் 1 மீட்டருக்கு மேல் கீழே இருந்தால், மேலேறும் நீரைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் மேல் மூலையில் வேர் 90 செ.மீ. இறங்கியிருந்தாலும் இடைவெளி 1.7 மீட்டர். அங்கே கீழ்த்தண்ணீரை மறந்துவிடுங்கள், முழுக்கப் பாய்ச்சல்தான்.

நடுப்பகுதிக்கு வருவோம். இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நுண்புழை, அதாவது மண்ணின் மெல்லிய துளைகள், வழியாகத் தண்ணீர் ஏறும் உயரம் வேறு, ஏறும் வேகம் வேறு. உயரத்துக்குக் கணக்கு எளிது: துளையின் விட்டம் 0.1 மி.மீ. என்றால் தண்ணீர் சுமார் 30 செ.மீ. ஏறும், 0.01 மி.மீ. என்றால் 3 மீட்டர். இதைப் படித்துவிட்டு, களிமண்தான் கீழ்த்தண்ணீரை நன்றாகக் கொடுக்கும் என்று முடிவுகட்டுவது தவறு. களியின் துளைகள் அவ்வளவு குறுகல் என்பதால் தண்ணீர் ஊர்ந்துதான் ஏறும். பயிர் நாளைக்கு 6 மி.மீ. கேட்கும்போது அது ஈடுகொடுக்காது. மணலில் வேகம் உண்டு, ஆனால் சில பத்து செ.மீ. தாண்டினால் தொடர்பே அறுந்துவிடும். இரண்டும் ஓரளவு சேர்ந்து அமைவது வண்டல் மண்ணில்தான். உங்கள் நடுப்பகுதி செழிப்பாக இருப்பதில் அதிசயம் இல்லை.

இடைவெளி கூடும்போது வேகம் நேர்விகிதத்தில் குறையாது, மடங்காகச் சரியும். கார்ட்னர் 1958-ல் கொடுத்த தீர்வின்படி, அதிகபட்ச ஏற்ற வேகம் ஆழத்தின் ஒரு அடுக்குக்குத் தலைகீழ். நயமான மண்ணில் அடுக்கு 2 அளவில், கரடான மண்ணில் 4 வரை. இடைவெளி இரண்டு மடங்கானால் முதலாவதில் கால் பங்கு மிஞ்சும், இரண்டாவதில் பதினாறில் ஒரு பங்குதான். அதனால்தான் 1.2 மீட்டரில் பலன் தரும் தண்ணீர் 2.6 மீட்டரில் இல்லாதது போலவே ஆகிறது. 'இடையில் ஏதோ கொஞ்சம் வரும்' என்று நடுத்தரமாக ஊகிக்க முடியாது.

இன்னும் ஒன்று. குழாய் இறக்கத் துளைத்தபோது வந்த மண்ணை அடுக்கு அடுக்காகப் பார்த்தீர்களா? இடையில் 10 செ.மீ. கரட்டு மணல் அடுக்கு ஒன்று இருந்தாலும் போதும், மேலேறும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். மேலும் கீழும் எவ்வளவு நல்ல வண்டலாக இருந்தாலும் பயனில்லை.

மறுமொழி: வடிகால்

கீழ் மூலை பத்தி சொல்றேன். அங்கே பயிருக்குத் தண்ணிப் பஞ்சம் இல்லை, மூச்சுப் பஞ்சம். காத்துல ஆக்சிஜன் பரவுற வேகத்தைவிட தண்ணிக்குள்ள பரவுற வேகம் ஏறக்குறைய 10,000 மடங்கு குறைச்சல். வேர் சரியா வேலை செய்ய மண்ணோட கன அளவுல குறைஞ்சது 10 சதவீதம் காத்திடம் வேணும். நீர்மட்டம் 50 செ.மீ.னா, மேல் 50 செ.மீ.யும் காத்தோட்டமா இருக்கும்னு நினைக்காதீங்க. இந்த மாதிரி வண்டல் மண்ணுல நுண்புழை ஈரம் மேல வரைக்கும் நிரம்பி நிக்கும். தரைக்கு 10 செ.மீ. கீழேயே காத்திடம் அந்த 10 சதவீதத்தைத் தொடாது. அதாவது குழாய் காட்டுறது 50, ஆனா வேருக்குக் கிடைக்கிற வீடு சில அங்குலம்தான்.

மதிய வாட்டத்துக்குக் காரணம் இதுதான். ஆக்சிஜன் இல்லாத வேர்ல உயிரணுவுக்குள்ள அமிலத்தன்மை கூடி, தண்ணி உள்ளே வர்ற புரத வாசல்கள் மூடிக்கும். வெளியே தண்ணி நிக்கும், உள்ளே ஏறாது. அடி இலை மஞ்சளுக்குக் காரணம் வேற: நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் வாயுவா மாத்திப் பறக்க விட்டுடும், பயிர் அடி இலையில இருக்கிற தழைச்சத்தைப் பிடுங்கி நுனிக்கு அனுப்பும்.

சந்தேகம் இருந்தா ரெண்டு செடிக்கு நடுவுல மண்வெட்டியால 40 செ.மீ. குழி எடுத்துப் பாருங்க. வேர் கீழே போகாம பக்கவாட்டுல படுத்திருக்கும், நுனி பழுப்பா இருக்கும். தண்டோட அடிக்கணுவுல வெள்ளையா புது வேர் விட்டிருக்கும். மண் சாம்பல் நிறம், சில சமயம் அழுகின முட்டை வாசம். குழிச்சுவர்ல பழைய வேர் ஓடின தடம் ஓரமா துருப்பிடிச்ச மாதிரி செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தா அந்த ஆழத்தைக் குறிச்சுக்கோங்க. நீர்மட்டம் ஏறி இறங்குற எல்லை அது. ஒரு நாள் குழாய் அளவைவிட அந்தப் புள்ளிகளை நான் அதிகம் நம்புவேன். பல வருஷக் கதை அதுல இருக்கு.

வாடுதேன்னு தண்ணி கட்டிடாதீங்க. மஞ்சளா இருக்கேன்னு யூரியாவையும் மண்ணுல கொட்டாதீங்க, காத்தில்லாத மண்ணுல அதுவும் வீணாத்தான் போகும். மடையை அடைச்சு, கீழ் ஓரத்துல ஏறக்குறைய 1 மீட்டர் ஆழத்துக்கு வடிகால் எடுங்க. வடிகாலுக்குப் போக்கிடம் இருக்கணும், இல்லைனா அது நீளமான குட்டை. இடைக்காலத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைச்சு சாயங்காலம் இலையில தெளிச்சா பயிர் கொஞ்சம் தாங்கும்.

இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னும் பாருங்க. மேல, நடுவுல பாய்ச்சுறது வேர்மண்டலம் தாண்டி 20 மி.மீ. கூடுதலா இறங்கினா, நிரம்பக்கூடிய காலியிடம் 5 சதவீதம்னு வச்சா, மட்டம் 40 செ.மீ. ஏறும். சரிவுல அது கீழ் மூலைக்குத்தான் வரும்.

மறுமொழி: மட்டக்கோல்

மேட்டுவயல், முதலில் குழாய்களை எப்படி இறக்கினீர்கள் என்று சொல்லுங்கள். முழு நீளத்துக்கும் கீறல் போட்ட குழாய் காட்டுவது நீர்மட்டம். அடி நுனியில் மட்டும் துளை உள்ள குழாய் காட்டுவது அந்த ஆழத்து நீரழுத்தம். கீழே அழுத்தம் கூடிய ஊற்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

சரியாக இறக்க: 75 முதல் 100 மி.மீ. மண் துளைப்பானால், எதிர்பார்க்கும் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் 50 செ.மீ. கீழ்வரை துளை. 50 மி.மீ. பிவிசி குழாய், ரம்பத்தால் குறுக்குக் கீறல்கள், அதன்மேல் வடிகட்டித் துணி உறை, அடியில் மூடி. குழாயைச் சுற்றிக் கரட்டு மணல். மேல் 30 செ.மீ.க்கு மட்டும் மணல் போடாமல் பெண்டோனைட் அல்லது பிசைந்த களிமண்ணை இடித்து அடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பாய்ச்சும் தண்ணீர் குழாயின் ஓரமாக நேரே உள்ளே இறங்கி, இல்லாத நீர்மட்டத்தைக் காட்டும். மேல்மூடியில் சிறு காற்றுத்துளை. தரைக்கு மேல் நீட்டியிருக்கும் உயரத்தை அளந்து ஒவ்வொரு அளவிலும் கழிக்க வேண்டும். கடைசியாக, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துப் பாருங்கள். மறுநாளும் பழைய மட்டத்துக்கு வரவில்லை என்றால் கீறல் அடைத்திருக்கிறது.

எத்தனை மி.மீ. ஏறுகிறது என்பதை அறியக் குழாய் மட்டும் போதாது. நடுப்பகுதியில் 60, 90 செ.மீ. ஆழத்தில் இரண்டு டென்சியோமீட்டர் வையுங்கள்; மண் தண்ணீரை எவ்வளவு பலமாகப் பிடித்து இழுக்கிறது என்ற இழுவிசையை அளக்கும் கருவி அது. மண்ணில் நீரோட்டமே இல்லாத நிலையில், ஓர் இடம் நீர்மட்டத்துக்கு எத்தனை செ.மீ. மேலே இருக்கிறதோ அத்தனை செ.மீ. இழுவிசை காட்டும், 10 செ.மீ.க்கு 1 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் நீர்மட்டம் 120. அப்படியானால் 60-ல் 6 கிலோபாஸ்கல், 90-ல் 3 கிலோபாஸ்கல் என்றால் சமநிலை. அதைவிடக் கூடினால் தண்ணீர் மேலே ஏறுகிறது, குறைந்தால் கீழே வடிகிறது. இவ்வளவுதான் சூத்திரம்.

மேட்டுவயல்:

விளக்கங்களுக்கு நன்றி ஐயா. குழாய்கள் முழு நீளக் கீறல் போட்டவைதான். மணல், களி அடைப்பு இரண்டும் உண்டு. துளைத்தபோது மணல் அடுக்கு எதுவும் வரவில்லை. டென்சியோமீட்டர் இரண்டும் வைத்தாயிற்று, 0.1 கிலோபாஸ்கல் வரை காட்டும் டிஜிட்டல் அளவி. பாய்ச்சி இரண்டாம் நாள் 60 செ.மீ. கருவியில் 14.0, 90 செ.மீ. கருவியில் 13.5. சமநிலை அளவு 6-ம் 3-ம் என்றீர்கள். இரண்டுமே மிகவும் கூடுதல், ஆக பாய்ச்சிய இரண்டாம் நாளே பலமாக மேலேறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி: மட்டக்கோல்

கூடாது. அளவி தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கருவிக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர்த் தம்பமும் அளவியைக் கீழே இழுக்கும். அதனால் அளவி காட்டும் எண், அடியில் பீங்கான் முனையில் உள்ள இழுவிசையைவிட எப்போதும் அதிகம். முனையிலிருந்து அளவி வரை உள்ள உயரத்தில் 10 செ.மீ.க்கு 1 கிலோபாஸ்கல் வீதம் கழியுங்கள். காய்ந்த மண்ணில், மேலாக வைத்த கருவியில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. நீர்மட்டம் அருகில் இருக்கும்போது இதுவே விடையைத் தலைகீழாக்கிவிடும்.

மேட்டுவயல்:

அளவி தரைக்கு 15 செ.மீ. மேலே. அப்படியானால் முதல் கருவியில் 75 செ.மீ. தம்பம், 7.5 கழிந்து 6.5. இரண்டாவதில் 105 செ.மீ., 10.5 கழிந்து 3.0. ஏறக்குறைய சமநிலையேதான்! ஏழாம் நாள் அளவு 22.0, 14.0. கழித்தால் 14.5, 3.5.

குழாயில் மட்டம் பதியும் கருவியும் இருக்கிறது. நள்ளிரவிலிருந்து விடியற்காலை 4 மணிக்குள் மட்டம் 1.2 செ.மீ. ஏறியது. 24 மணி நேரத்தில் மொத்தத்தில் 0.8 செ.மீ. இறங்கியது. இதை வைத்தும் கணக்கிடலாம் என்கிறார்கள். எப்படி?

மறுமொழி: ஈரப்பதம்

இரண்டாம் நாள் ஓட்டம் இல்லை, ஏழாம் நாள் இருக்கிறது. இதுதான் இயல்பு. வேர்மண்டலம் காய்ந்தால்தான் கீழிருந்து தண்ணீரை இழுக்க ஆளிருக்கும்.

ஏழாம் நாள் கணக்கைப் பார்ப்போம். 60-க்கும் 90-க்கும் இடையே இழுவிசை வித்தியாசம் 11 கிலோபாஸ்கல், அதாவது 110 செ.மீ. புவியீர்ப்புக்கு எதிராக 30 செ.மீ. ஏற வேண்டும், கழித்தால் 80. அதை 30 செ.மீ. தூரத்தால் வகுத்தால் சாய்வு சுமார் 2.7. இதை அந்த ஈரநிலையில் மண்ணின் நீர்கடத்துதிறனால் பெருக்க வேண்டும். வண்டல் இருமண்ணுக்கு 90, 100 செ.மீ. இழுவிசையில் நாளைக்கு 0.7 மி.மீ. என்பது வழக்கமான அளவு. பெருக்கினால் 1.9 மி.மீ. கீழே 90-க்கும் 120-க்கும் இடையே சரிபார்க்கலாம்: இழுவிசை 35 செ.மீ., ஏற்றம் 30, சாய்வு வெறும் 0.17. ஆனால் அங்கே மண் நிறைஈரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கடத்துதிறன் 12 மி.மீ. அளவில் இருக்கும், பெருக்கினால் 2.0. ஒத்துப்போகிறது. பலவீனமான கண்ணி அந்தக் கடத்துதிறன்தான். உங்கள் மண்ணில் அது பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருக்க முடியும்; அதனால்தான் இன்னொரு வழியிலும் பார்ப்பது நல்லது.

நீங்கள் கேட்ட ஏற்ற இறக்கக் கணக்கு, ஒயிட் 1932-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து எஸ்கலான்டே பள்ளத்தாக்கு ஆய்வில் கொடுத்தது. பகலில் வேர் இழுப்பதால் மட்டம் இறங்கும், இரவில் இழுப்பு நின்றதும் சுற்றியுள்ள நீர் வந்து ஏறும். நள்ளிரவு முதல் 4 மணி வரை உள்ள ஏற்ற வேகத்தை நாள் முழுக்க நீட்டி, நிகர இறக்கத்தைக் கூட்டி, நிரம்பும் இடத்தின் பங்கால் பெருக்க வேண்டும். உங்களுக்கு மணிக்கு 0.3 செ.மீ., 24 மணிக்கு 7.2, அதோடு 0.8, மொத்தம் 8.0 செ.மீ.

ஆபத்து கடைசிப் பெருக்கலில். பாடநூல் அட்டவணையில் வண்டலுக்கு 8 சதவீதம் என்று இருக்கும். அதைப் போட்டால் 6.4 மி.மீ. வரும், பயிரின் முழுத் தேவையே 6 என்றால் பாய்ச்சலே வேண்டாம் என்றாகிவிடும், அபத்தம். அட்டவணை எண் மண் நிதானமாக முழுக்க வடிந்த பிறகு கிடைப்பது. சில மணி நேரத்தில், அதுவும் ஆழமில்லாத மட்டத்தில், உண்மையில் வெளிவருவது அதில் ஒரு பகுதிதான். 2.5 சதவீதம் போட்டால் 2.0 மி.மீ. வருகிறது, டென்சியோமீட்டர் கணக்குக்கு அருகில். நேர்மையாகச் சொன்னால், அந்த 2.5-ஐ நான் டென்சியோமீட்டரைப் பார்த்துத்தான் தேர்ந்தேன். இந்த முறையைத் தனியாக நம்பாமல், நாளுக்கு நாள் ஏறுகிறதா குறைகிறதா என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: மட்டக்கோல்

ஒரு சின்ன எச்சரிக்கை. மட்டம் பதியும் கருவி காற்றழுத்தக் குழல் இல்லாத வகையா? அப்படியென்றால் அது காற்றழுத்தத்தையும் சேர்த்துத்தான் பதியும். 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் 1 செ.மீ. தண்ணீர் மாறியதாகக் காட்டும். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் காலை 10, இரவு 10 மணி வாக்கில் இரண்டு முறை உச்சம் தொட்டு இறங்கும். வரைபடத்தில் நாளுக்கு இரண்டு மேடு தெரிந்தால் அது காற்றின் வேலை. பயிரின் வேலைக்கு ஒரே மேடு: காலையில் உச்சம், மாலையில் பள்ளம்.

மறுமொழி: உவர்மண்

எல்லாரும் மேலே வர்ற தண்ணியைக் கணக்குப் போடுறீங்க, கூட வர்ற உப்பை யாரும் சொல்லலை. நாளைக்கு 2 மி.மீ.னா சதுர மீட்டருக்கு 2 லிட்டர். மின்கடத்துதிறன் 3-னா லிட்டருக்கு ஏறக்குறைய 1.9 கிராம் உப்பு. 60 நாள் இப்படியே இழுத்தா சதுர மீட்டருக்கு 230 கிராம், ஏக்கருக்கு 900 கிலோவுக்கு மேல. பயிர் தண்ணியை எடுத்துக்கிட்டு உப்பை அங்கேயே விட்டுடும். மக்காச்சோளம் உப்புக்குக் கூச்சப்படுற பயிர். நிறைஈரச் சாறு (மண்ணைத் தண்ணியால நிறைச்சுப் பிரிச்செடுக்கிற சாறு) மின்கடத்துதிறன் 1.7 தாண்டினதும், கூடுற ஒவ்வொரு அலகுக்கும் 12 சதவீத விளைச்சல் போகும். பருத்திக்கு அந்த எல்லை 7.7, கோதுமைக்கு 6. அதே நீர்மட்டம், அதே உப்பு, ஆனா பருத்திக்காரர் கழிக்கலாம், நீங்க கழிக்கிறதுக்கு யோசிக்கணும். குழாய்த் தண்ணி 0.5 அளவுல நல்ல தண்ணியா இருந்தா நானும் முழுசா கழிக்கச் சொல்லியிருப்பேன்.

உப்பு சேருதா கழுவுதான்னு பார்க்க ஒரே ஒரு நாள் வேலை: 0–15, 15–30, 30–60 செ.மீ.னு மூணு ஆழத்துல தனித்தனியா மண் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு அஞ்சு பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணி கலந்து, குலுக்கி, தெளியவிட்டு அளந்து பாருங்க. எண்ணோட அளவைவிட வரிசைதான் முக்கியம். ஆழம் போகப் போகக் கூடினா பாய்ச்சல் கழுவி இறக்குதுன்னு அர்த்தம். மேல் அடுக்குல அதிகம்னா ஏற்றம் ஜெயிக்குது. இந்த எண்ணை நேரா 1.7-ஓட ஒப்பிடாதீங்க, அஞ்சு பங்கு தண்ணி ஊத்தினதால சின்னதாத்தான் தெரியும். மண் எடுக்கும்போது பார் உச்சியிலயும் சாலுக்குள்ளயும் தனியா எடுங்க. உப்பு பார் உச்சியிலதான் போய் உக்காரும், சாலுல மட்டும் எடுத்தா எல்லாம் நல்லாயிருக்குன்னு காட்டும்.

கழுவுறதுக்கு எவ்வளவு கூடுதல் வேணும்னா: பாய்ச்சுற தண்ணி 0.8-ஐ, 1.7-ஓட அஞ்சு மடங்கான 8.5-ல இருந்து 0.8 கழிச்ச 7.7-ஆல வகுத்தா 0.10. ஒவ்வொரு பாய்ச்சல்லயும் பத்துல ஒரு பங்கு கீழே போகணும். ஆனா வடிகால் சொன்ன மாதிரி, அந்தக் கூடுதல் தண்ணிக்குப் போக வழியில்லைனா மட்டம் ஏறி, ஏற்றமும் கூடி, கழுவின உப்பு திரும்பி வரும். வடிகால் முதல்ல, கழுவல் அப்புறம்.

அறுவடைக்கு அப்புறம் நிலத்தை வெறும் தரையாப் போடாதீங்க. பயிர் இல்லாதப்போ உப்பு வேர் ஆழத்துல நிக்காது, ஆவியாகுற மேல்தோல்லயே வந்து பூக்கும். தட்டையை மேல பரப்பி விடுறது, இல்லைனா மேல் 5 செ.மீ.யை லேசா கிளறி விடுறது, ரெண்டுமே நுண்புழைத் தொடர்பை அறுக்கும்.

கேள்வி: தோப்பு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மரங்களுக்கும் இதே கணக்குத்தானா?

மறுமொழி: ஈரப்பதம்

அடிப்படை ஒன்றே, ஆனால் மரத்துக்கு ஆழத்தைவிட மட்டம் இறங்கும் வேகம் முக்கியம். ஆழத்திலேயே நிலையாக நிற்கும் தண்ணீரை வேர் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பல வருடம் 1 மீட்டரில் இருந்த மட்டம் ஒரே பருவத்தில் 3 மீட்டருக்கு இறங்கினால்தான் மரம் நுனியிலிருந்து காயத் தொடங்கும். ஆற்றோரப் பாப்லர் மர நாற்றுகள் தாங்கக்கூடிய இறக்கம் நாளைக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. என்பது மஹோனியும் ரூடும் 1998-ல் கொடுத்த அளவு. இன்னொரு வேடிக்கை: ஆழ வேர் இரவில் தண்ணீரை மேலே கொண்டுவந்து காய்ந்த மேல்மண்ணில் கசியவிடுவதும் உண்டு, வடஅமெரிக்கப் புதர் ஒன்றில் 1987-ல் ரிச்சர்ட்ஸும் கால்டுவெல்லும் இதைக் காட்டினார்கள். எனவே மரத்தடியில் மேல்மண் ஈரமாகத் தெரிந்தால் அது உங்கள் பாய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

மக்காச்சோளத்திலும் இதன் சிறு வடிவம் உண்டு. முதல் 30 நாள் மட்டம் உயர்ந்து நின்றால் வேர் மேலாகவே பரவிவிடும். பூக்கும் பருவத்தில் மட்டம் சட்டென்று இறங்கினால் அந்தக் குட்டை வேரால் துரத்த முடியாது. பயிர் எழும்பிய புதிதில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்து, வேரை இறங்க விடுவது இதற்காகத்தான்.

மேட்டுவயல்:

ஆக நடுப்பகுதியில் நாளைக்கு 6 மி.மீ. தேவையில் 1.9-ஐக் கழித்து 4.1 என்று அட்டவணை போடலாமா, வேண்டாமா?

மறுமொழி: மட்டக்கோல்

1.9 ஏழாம் நாள் அளவு. இரண்டாம் நாள் அது பூஜ்யம் என்று நீங்களே அளந்தீர்கள். முதல் நாளிலிருந்தே கழித்தால் கணக்கு பொய்க்கும். வேர் 90 செ.மீ., மீட்டருக்கு 150 மி.மீ. கொள்ளளவு என்றால் மொத்தம் 135 மி.மீ. நாளைக்கு 6 மி.மீ. தேவை உள்ளபோது மக்காச்சோளம் இதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 69 மி.மீ. வரை வாடாமல் எடுக்கும். கீழ்த்தண்ணீர் இல்லாவிட்டால் இது 11 நாளுக்கு வரும். 4.1 என்று போட்டால் 17 நாள். முழு இடைவெளிக்கும் சராசரி 1 மி.மீ. மேலேறும் என்று வைத்தால் நாளைக்கு 5, கிட்டத்தட்ட 14 நாள். நான் 13-ல் பாய்ச்சுவேன். பாய்ச்சும் அளவை மட்டும் குறைக்க மாட்டேன். உவர்மண் சொன்ன பத்தில் ஒரு பங்கோடு சேர்த்து முழுதாகக் கட்டுவேன், வடிகால் எடுத்த பிறகு. மிச்சமாவது நாட்களில், ஒரு பாய்ச்சலின் ஆழத்தில் இல்லை.

மேல் மூலைக்கு 11 நாள் என்பதை உச்ச வரம்பாக வையுங்கள்; ஒரு நாள் தள்ளினாலே அங்கே இலை சுருள்வதால் வேர் 90 வரை போகவில்லையோ என்று சந்தேகம், ஒரு குழி எடுத்துப் பாருங்கள். கீழ் மூலைக்கு மடை அடைத்தே இருக்கட்டும். அங்கே குழாயில் மட்டம் 1 மீட்டருக்குக் கீழ் இறங்கி, குழியில் வெள்ளை வேர் நுனி கீழ்நோக்கித் திரும்பியிருப்பது தெரிந்த பிறகு முதல் பாய்ச்சல் கொடுங்கள், அதுவும் வழக்கத்தில் பாதி.